திரும்பி நின்ற எழுத்து

பத்து வருடங்களுக்கு முன், புனே கண்டோன்மென்ட் பக்கம் ஒரு மருத்துவமனையில் பயிற்சி டாக்டராக இருந்தேன். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் ஏறிய புதிது. வடாபாவ் தின்னப் போனாலும் கழற்ற மாட்டேன்.

ஒரு மழைக்காலக் காலை. சிறுநீரகக் கல்லுக்காக அன்று ஆபரேஷன் ஆக வேண்டிய ஒரு பெண்மணி ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். நாற்பது வயதிருக்கும், புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், ஒன்றாம் வகுப்பு டீச்சர். கல் எந்தப் பக்கம் என்று ஆபரேஷன் பட்டியலில் எழுதுவது என் வேலை. பார்த்துக் கற்றுக்கொள்ள மூன்று ஜூனியர்கள் வேறு. எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டி வழக்கம்போல எரியவில்லை. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முதுகெலும்பிலிருந்து சிறுநீர்ப்பை வரை விரலை ஓட்டி, இங்கிலீஷும் ஹிந்தியுமாக முழங்கினேன். கடைசியில், இடது கிட்னியில் கல் என்று தீர்ப்பும் சொன்னேன்.

"தம்பி, எனக்கு வலிக்கிறது வலது பக்கம்."

"சில நேரம் வலி இடம் மாறித் தெரியும் டீச்சர்" என்று அளந்துவிட்டேன்.

"அரே, வலி எனக்கா, உங்க படத்துக்கா?"

ஜூனியர்கள் தரையைப் பார்த்துச் சிரித்தார்கள். ரோஷத்தில் 'இடது' என்று எழுதியும் விட்டேன். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தையே பார்த்தார்.

"ஓரத்துல அந்த R ஏன் திரும்பி நிக்குது? எங்க கிளாஸ்ல பாதிப் பிள்ளைங்க இப்படித்தான் எழுதும். தினம் திருத்துறேன்."

வலது பக்கத்தைக் காட்டவே படத்தில் வைக்கும் எழுத்து அது. நான் படத்தைப் பின்பக்கமாகப் பிடித்திருந்தேன்! கல்லீரலின் நிழலே இடம் மாறிக் கிடந்தது. அதுவும் என் கண்ணில் படவில்லை. திருப்பிப் பிடித்ததும் கல் வலது பக்கம் போய் உட்கார்ந்தது. எனக்கு மேலே சரிபார்க்க ஆட்கள் இருந்தார்கள்தான். ஆனால் அவர்களும் என் எழுத்தை நம்பியிருந்தால்? நல்ல கிட்னியில் கத்தி பட்டிருக்கும்.

மன்னிப்புக் கேட்டேன்.

"அடிச்சிட்டு வலதுன்னு எழுதிக் காட்டுங்க" என்றார். எழுதிக் காட்டினேன். "ம், சரி. கையெழுத்துக்கு மார்க் கிடையாது."

இப்போது படமெல்லாம் கம்ப்யூட்டரில் வருகிறது. அந்த மழை வெளிச்சத்துக்கு வேலையில்லாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் எந்தப் படத்தையும் பார்க்கும் முன், "எங்க வலிக்குது, கை வெச்சுக் காட்டுங்க" என்றுதான் இன்றும் கேட்கிறேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த டீச்சர் என் பின்னால் நின்று பார்ப்பதுபோலவே இருக்கும்.