லைட்டக்கா அணைத்த தெரு

லைட்டக்காவை முதன்முதலில் பார்த்த யாரும் அண்ணாந்துதான் பார்த்திருப்பார்கள். நானும் அப்படித்தான். குடிவந்த அன்று எங்கள் வாசலுக்கு எதிரே, ஏணி வண்டியின் கூடையில் நின்று தெருவிளக்கின் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். "கீழ நிக்காத தம்பி. ஸ்குரூ விழுந்தா டிகிரி வாங்கின மண்டைக்கு ஆகாது" என்றாள். நான் பட்டதாரி என்ற செய்தி அதற்குள் கம்பம் ஏறியிருந்தது.

அவள் கணவருக்குப் பார்வை ஓரங்களிலிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. நடுவில் ஒரு சின்ன வட்டம்தான் மிச்சம். அதுவும் அதிக நாள் தங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். பொழுது சாய்ந்தால் ஒவ்வொரு தெருவிளக்காகப் பார்த்துப் பார்த்துத்தான் வீடு வந்து சேருவார். முழு சூரிய கிரகணம் தலைக்கு மேலேயே வருகிறது என்று கேட்டதிலிருந்து அவருக்கு அதே நினைப்பு.

"அத ஒரு தடவை பாத்துட்டேன்னா போதும். அப்புறம் இருட்டு வரட்டும்."

சூரியன் முழுசாக மறைந்திருக்கும்போது மட்டும் வெறும் கண்ணால் பார்க்கலாம், முன்னும் பின்னும் கிரகணக் கண்ணாடி வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். அவள் கவலை வேறு. இருட்டியதும் விளக்குகளில் இருக்கும் சென்சார் ராத்திரி என்று நினைத்துக்கொள்ளும். தெரு பளீரென்று எரிந்தால் மங்கிய கண்ணுக்கு வானத்தில் என்ன தெரியும்? மேலதிகாரியைக் கெஞ்சி அனுமதி வாங்கி, கிரகணத்தன்று தெருவின் மெயின் ஸ்விட்சையே இறக்கிவிட்டாள்.

"ஊருக்கெல்லாம் விளக்குப் போடுறவ, புருஷனுக்காக அணைக்கிறா" என்றார் பக்கத்து வீட்டு டெய்லர்.

"நீங்களும் ஓசியிலதானே பாக்கப் போறீங்க? பேசாம நில்லுங்கண்ணே."

வெயில் சாயாமலே வெளிறியது. நிழல்களுக்குக் கத்தியின் விளிம்பு வந்தது. தரையில் விழுந்த தன் கையின் நிழலில் மயிர் மயிராகத் தெரிவதைக் கண்டு லைட்டக்கா கையை இழுத்துக்கொண்டாள். காகங்கள் ஒரே நேரத்தில் வாயை மூடின. பிறகு இருட்டு, ஓசையே இல்லாமல் வந்து தெருவின் மேல் படுத்தது.

"இப்ப கண்ணாடியக் கழட்டுங்க" என்றாள் கணவரிடம்.

கழற்றத் தலை குனிந்தவருக்குத் திசை தப்பிவிட்டது. "ஒண்ணும் தெரியலயே. எங்க இருக்க நீ?" அவர் கைகள் காற்றைத் துழாவின. "விளக்கெல்லாம் எங்க போச்சு?"

அவர் வழி கண்டுபிடிப்பதே அந்த விளக்குகளை வைத்துத்தான். அத்தனையையும் அவளே பிடுங்கிவிட்டாள். ஸ்விட்சுக்கு ஓட நேரமில்லை. அவர் தாடையை இரண்டு கையாலும் பிடித்து, விளக்கின் தலையைத் திருப்புவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே திருப்பினாள். ஓரிடத்தில் அவர் மூச்சு நின்றது.

"என் கண்ண உள்வெளியாத் திருப்பி அங்க மாட்டின மாதிரி இருக்குடி. எனக்கு நடுவுல வெளிச்சம், சுத்திக் கருப்பு. அதுக்கு நடுவுல கருப்பு, சுத்தி வெளிச்சம்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "அது என்னப் பாக்குது."

அவளும் அப்போதுதான் பார்த்தாள். கருப்பின் விளிம்பில் ஒரு பொறி தெறித்ததும் சட்டென்று உள்ளங்கையால் அவர் கண்களைப் பொத்தினாள்.

"போதுங்க. முடிஞ்சிருச்சு."

"இல்ல. இன்னும் பாக்குது" என்றார் அவர், பொத்திய கைக்குள்ளிருந்து.

இப்போது அவருக்குப் பார்வையில் மிச்சமிருந்த அந்தச் சின்ன வட்டமும் போய்விட்டது. கண்ணை மூடினாலும் திறந்தாலும் அன்று வானத்தில் பார்த்தது மட்டும் நிற்கிறது என்கிறார். இருவரும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். அவள் அதே வேலையில் இருக்கிறாள்.