எகோன் பார்க்கும் ஜன்னல்

எந்தப் பொத்தானைக் கண்டாலும் ரோஸ்விதா ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிடுவார். லிப்டில் யாரோ ஏற்கெனவே அழுத்திவிட்ட மாடிக்கும் தன் பங்குக்கு ஓர் அழுத்து. ஜெர்மனியின் உல்ம் நகரத்தில் காலமெல்லாம் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். விரல்கள் மட்டும் ஓய்வு பெற மறுத்துவிட்டன. வலது கை ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருக்க, இடது கை மேசையில் டிராம் மணியை அடித்துக்கொண்டிருக்கும்.

அப்படிப்பட்டவர், வீட்டு ஜன்னல்களை வெளிப்பக்கம் மூடும் சுருள் ஷட்டர்களுக்கு மோட்டார் வைக்கப்போகிறார் என்றால் கேட்க வேண்டுமா? இதுவரை ஒவ்வொரு ஜன்னலாகப் போய்ப் பட்டையைப் பிடித்து இழுத்துத்தான் காலையில் ஏற்றுவார், இருட்டியதும் இறக்குவார். குளிர்காலத்தில் விழுந்து தோள் உடைந்த பிறகு அது முடியவில்லை. "தோள் போனா போகுது, மோட்டார் வருதில்ல!" என்று தெருவில் எதிர்ப்பட்டவர்களை எல்லாம் நிறுத்தி வைத்துச் சொன்னார்.

ஷட்டர் போடும் யென்ஸ் ஒரு மாதிரிப் பலகையைத் தூக்கிவந்து சமையலறை மேசையில் வைத்தார். அதில் ஒரு குட்டி ஷட்டர். அதை இயக்க சுவர் சுவிட்ச், ரிமோட், டைமர், வெயில் பட்டால் தானாக இறக்கிவிடும் சென்சார். எது வேண்டும் என்று ரோஸ்விதா சொல்ல வேண்டும். காபி ஆறிப்போனது. டார்ச்சை எடுத்துவந்து சென்சார்மேல் அடித்தார்.

"அய்யய்யோ, இறங்குது தம்பி! இதுக்கு மூளை இருக்கு!"

"டைமர் போட்டுட்டா இன்னும் சுகம்மா. விடிஞ்சதும் எல்லா ஷட்டரும் அதுவாவே ஏறிக்கும்."

"நான் தூங்கிட்டு இருப்பேன், வீடு முழிச்சுக்கும்! ராணி மாதிரி! அதையே போடுப்பா, எல்லா ஜன்னலுக்கும்."

ஹாம்பர்க்கிலிருந்து மகன் டீட்மார் போனில் இன்னொரு ஆசை மூட்டினான். "மொபைல்ல ஓடுறதா வாங்கும்மா. நான் இங்க இருந்தே ஏத்தி விடுவேன்."

"அங்க இருந்தேவா!" ரோஸ்விதா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த எதிர்வீட்டு எகோன் மட்டும் சிரிக்கவில்லை. பேக்கரி வைத்திருந்தவர், இன்றைக்கும் கோழி கூவுவதற்குமுன் எழுந்துவிடுகிற ஆள்.

"என்னய்யா, மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க? உனக்கும் ஒரு பொத்தான் வேணுமா?"

"எல்லாம் தானா ஏறுமா?"

"தானா!"

"நீ செத்துக் கிடந்தாலும் ஏறுமா?"

யென்ஸ் கூரையைப் பார்த்தார்.

தோள் உடைந்த அன்று ரோஸ்விதா குளியலறையில் எழ முடியாமல் கிடந்தார். கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. எகோன் தினமும் எழுந்ததும் முதலில் பார்ப்பது எதிர்வீட்டுச் சமையலறை ஷட்டரைத்தான். அன்று அது ஏறவில்லை. மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு செருப்புக்கூட இல்லாமல் பனியில் ஓடிவந்தவர் அவர்.

"உன் மவன் ஹாம்பர்க்ல இருந்து ஏத்திவிடுவான். நான் இங்க நின்னு பொணத்துக்குக் கையாட்டிட்டு இருப்பேன்," என்றார் எகோன்.

மேசையில் ரோஸ்விதாவின் விரல்கள் நின்றன. பிறகு முகம் முழுக்க வெளிச்சம்.

"யோவ் எகோன், நீதான்யா என் சென்சார்!"

அதற்குமேல் வேகம் பிடித்தது. கூடத்துக்கு வெயில் சென்சார். படுக்கையறைக்கு ரிமோட். பின்பக்கம் முழுக்க டைமர், அதோடு மொபைலும். "சமையலறைக்கு மட்டும் சுவர் சுவிட்ச், தம்பி. வேற எதோடயும் சேர்க்காத. என் விரல் பட்டாத்தான் அது ஏறணும்."

"அதையும் மொபைல்ல சேர்த்துட்டா நல்லதும்மா," என்றான் இன்னும் போனில் இருந்த டீட்மார்.

"நீ பின்பக்கத்து ஜன்னலை ஏத்தி இறக்கி விளையாடுடா. இது எகோனோடது."

வேலை முடிந்த மறுநாள் காலை, பள்ளிச் சுற்றுலா போகிற பிள்ளை மாதிரி அவருக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. இருட்டோடு எழுந்து, இரவு உடையிலேயே சுவிட்ச் முன்னால் போய் நின்றார். வெளுத்ததும் அழுத்தினார். உறுமலோடு ஷட்டர் கிளம்பியது. முதலில் தெரு, பிறகு எதிர்வீட்டு வேலி, பிறகு எகோனின் ஜன்னல். அங்கே எகோன் பாதிச் சவரத்தோடு, கையில் கத்தியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

ரோஸ்விதா தன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்: இங்கே இன்னும் நுரை இருக்கிறது.