இமெல்டாவுக்குக் கிடைத்த ‘ஏ’

ஆங்கிலம் பேசும் ஊரான லின்ஃபீல்டில் இமெல்டாவின் வீட்டுத் தொலைபேசி அடித்தால் எடுப்பது மகள் ஷாமிலாதான். மன்னாரிலிருந்து வந்து சேர்ந்த நாள் முதல் அப்படித்தான். கணவர் செபஸ்ரியன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

“பிள்ளை கலியாணம் முடிச்சுப் போனால் என்ன செய்வாய்?”

அந்தக் கேலிதான் அவளை ஆங்கில வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஒரு வகுப்பும் அவள் தவறவிடவில்லை. கொட்டுகிற மழையிலும் பஸ் பிடித்துப் போனாள். வீட்டுப்பாடத்தை அச்சடித்ததுபோல் எழுதிக் கொடுத்தாள். வருட முடிவில் ‘ஏ’ கிடைத்தது. செபஸ்ரியன் சான்றிதழுக்குச் சட்டம் போட்டு அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். வீட்டுக்கு வருகிற எவரையும், “என்ர மனுசிக்கு இங்கிலிசில ஏ” என்று சொல்லாமல் அனுப்பமாட்டார்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு குளிர்காலத்தில் அவருக்கு நிமோனியா கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒருநாள் மத்தியானம், ஷாமிலா பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், தொலைபேசி அடித்தது. இமெல்டாவே எடுத்தாள். வார்டிலிருந்து ஒரு நர்ஸ். இதமான குரல். என்னவோ ‘டவுன்ஹில்’ என்றாள். பிறகு, ‘யூ மைட் லைக் டு கம் இன்’ என்றாள்.

டவுன் தெரியும். ஹில் தெரியும். மனுசன் எழும்பி இறக்கத்தில் நடக்கிற அளவுக்குத் தேறிவிட்டார் என்று எடுத்துக்கொண்டாள். ‘மைட்’ வகுப்பில் படித்ததுதான், அந்தப் பயிற்சியில் அவளுக்கு முழுப் புள்ளி. விருப்பமென்றால் வரலாம் என்கிறார்கள். “தாங்க்யூ, தாங்க்யூ” என்று வைத்துவிட்டு, அவருக்குப் பிடித்த மீன் சொதியை அடுப்பில் ஏற்றி, மகள் வரும்வரை காத்திருந்தாள்.

இருவரும் போய்ச் சேர்ந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது.

நிலைமை மோசமாகிறது, உடனே வாருங்கள் என்பதைத்தான் நர்ஸ் அப்படிச் சொல்லியிருக்கிறாள். ஷாமிலா கேட்டுத் தெரிந்துகொண்டு தாயைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் இமெல்டாவால் தாங்க முடியவில்லை.

அடக்கம் முடிந்து சில வாரங்களின் பின், தனியாகவே ஆங்கில வகுப்பு ஆசிரியை ஜூடித்தைத் தேடிப் போனாள். தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் நடந்ததைச் சொன்னாள்.

“அந்த ஏ எதுக்குத் தந்தது, டீச்சர்?”

ஜூடித் பழைய புள்ளிப் புத்தகத்தைத் திறந்து பார்த்தாள். “வரவு, வீட்டுப்பாடம், இலக்கணச் சோதனை எல்லாவற்றையும் கூட்டினால் ஏ வந்தது. போனில் ஒருவர் பேசினால் உனக்கு விளங்குமா என்று நான் தனியாகப் பார்க்கவே இல்லை. அதற்காகத்தானே நீ வந்தாய்?”

“ஓம்” என்றாள் இமெல்டா, தமிழிலேயே.

அடுத்த தவணை ஜூடித் கிரேடை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒவ்வொருவரையும் அடுத்த அறையிலிருந்து போனில் அழைத்து, எது விளங்குகிறது, எது விளங்கவில்லை என்று பார்க்கத் தொடங்கினாள். இமெல்டாவும் திரும்பச் சேர்ந்திருந்தாள். அவள் முறை வந்தது. பாதி விளங்கவில்லை. ‘தாங்க்யூ’ வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டாள்.

“எனக்கு விளங்கவில்லை. வேறு மாதிரிச் சொல்லுங்கள்” என்றாள் ஆங்கிலத்தில்.

ஜூடித் சின்னச் சின்னச் சொற்களாகச் சொன்னாள். இப்போது முழுக்க விளங்கியது.

“அண்டைக்கு அந்த நர்ஸிட்டயும் இப்பிடிக் கேட்டிருக்கலாம்” என்றாள் இமெல்டா.

அது தமிழ். ஜூடித்துக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் அவள் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.