அண்ணி வீட்டு சோபா

பட்டறையில் அவளை ‘ஊசி’ என்றுதான் கூப்பிடுவார்கள். சோபாவுக்கு உறை தைப்பது அவள் தொழில் என்றாலும் பட்டப்பெயருக்குக் காரணம் அது இல்லை. யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் அவள் உடனே பதில் பேசமாட்டாள். சிரித்துக்கொண்டே வாங்கி உள்ளே வைத்துக்கொள்வாள். பிறகு ஒரு நாள் சரியான இடம் பார்த்துக் குத்துவாள். ஒரு முறை முதலாளி வாடிக்கையாளர் முன்னால் அவள் தையல் கோணல் என்று சிரித்துவிட்டார். அவருடைய நாற்காலிக்கு உறை மாற்றும் வேலை அவளிடம் வந்தபோது, அவர் உட்காரும் இடத்துக்கு நேராக உள்பக்கம் ஒரு பெரிய முடிச்சை விட்டுத் தைத்துக் கொடுத்தாள். மனுஷன் வருஷம் பூராவும் நெளிந்துகொண்டே வியாபாரம் பார்த்தார். மூலமோ என்று பயந்து டாக்டரிடம்கூடப் போய் வந்ததாகக் கேள்வி.

அப்படிப்பட்டவளைத்தான் அவளுடைய அண்ணி சீண்டிவிட்டாள்.

அண்ணன் புது வீடு கட்டியபோது அவள் கொடுத்த சீர் அந்த சோபா. சாப்பாட்டு நேரத்திலும் எந்திரத்தை விட்டு எழாமல், ஓரமெல்லாம் கயிறு வைத்துத் தைத்து, பார்த்தவர்கள் கடையில் வாங்கியதா என்று கேட்கும்படி செய்து அனுப்பியிருந்தாள். வெளிர் நிறத் துணி. போன வருஷம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். இவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் அண்ணி ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் விரிப்பை எடுத்து வந்து சோபா முழுக்கப் போர்த்தினாள்.

“குழந்தைங்க இருக்காங்கல்ல, அதான்” என்று சிரித்தாள்.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பாள். அரை மணி நேரம் கழித்து அண்ணியின் தங்கை தன் பிள்ளைகளோடு வந்து இறங்கினாள். அவ்வளவுதான், விரிப்பு பறந்தது. அந்தப் பிள்ளைகள் கையில் பிஸ்கட்டோடு சோபாவில் ஏறிக் குதித்தன. இவளுடைய இரண்டும் தரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. இவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. வாயைத் திறக்காமல் வீடு வந்து சேர்ந்தாள். அண்ணனிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வருஷம் கறுவிக்கொண்டே இருந்தாள்.

அதனால் அண்ணன் போனில் கூப்பிட்டு, “பிள்ளைங்களைப் பாத்து எவ்வளவு நாளாச்சு, ஒரு எட்டு வந்துட்டுப் போ” என்று சொன்னதும், “ஞாயித்துக்கிழமையே வர்றேண்ணே” என்றாள். பக்கத்தில் நின்ற புருஷனுக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது.

பட்டறை வேனில்தான் புறப்பட்டார்கள். முன்சீட்டிலேயே நாலு பேரும். பெரியவளுக்கு ஏழு வயது. சின்னவனுக்கு நாலு. அவனை எல்லோரும் ‘வாலு’ என்றுதான் கூப்பிடுவார்கள், அதற்கு விளக்கம் தேவையில்லை. ஊர் எல்லையைத் தாண்டியதும் ஊசி பயிற்சியை ஆரம்பித்தாள்.

“இது ஒரு விளையாட்டு. அத்தை வீட்ல யாரு என்ன சொன்னாலும் உக்காரக் கூடாது. எதுவும் கேக்கக் கூடாது. உக்காந்தா நாம தோத்துட்டோம். நின்னுட்டே இருந்தா ஜெயிச்சோம். அத்தை உக்காருன்னா என்ன சொல்லணும்?”

“வேண்டாம் அத்தை, நிக்கிறோம்!” என்று இரண்டும் கத்தின.

“தண்ணி வேணுமான்னு கேட்டா?”

“வேண்டாம் அத்தை!”

வாலு மட்டும் யோசித்தான். “ஒண்ணுக்கு வந்தா?”

“எதுவும்னா எதுவும்தான்” என்றாள் அவள், வேறு நினைப்பில்.

“ஏம்மா, சின்னப் பிள்ளைங்களைப் போய் இதுல இழுத்து விடற” என்றான் புருஷன்.

“நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க.”

வழியில் வண்டியை நிறுத்தி மரத்தடியில் பாய் விரித்தபோதும் பாடம் நிற்கவில்லை. குரலில் தேன் தடவிக்கொண்டு, “வாடா கண்ணு, அம்மா சொல்றேன்ல, உக்காரு” என்பாள். ஏமாந்து உட்கார்ந்தால், “தோத்துட்டே! அம்மாவே சொன்னாலும் உக்காரக் கூடாது!” என்பாள். வாலு இரண்டு தடவை ஏமாந்தான். மூன்றாவது தடவை இடுப்பில் கைவைத்து நின்று, “ஏமாத்தாதம்மா” என்றான். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. தன் ரத்தம் இல்லையா!

அண்ணன் வீட்டு வாசலில் புருஷன், “டயர்ல காத்து கம்மியா இருக்கு, பாத்துட்டு வர்றேன்” என்று வண்டியோடு ஒட்டிக்கொண்டான். டயரில் ஒரு குறையும் இல்லை, பாவம்.

சோபாவில் இன்று விரிப்பு இல்லை. அண்ணன் வீட்டில் இருக்கிறானே, அதனால்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

“வாங்க வாங்க, உக்காருங்க கண்ணுங்களா” என்றாள் அண்ணி.

“வேண்டாம் அத்தை, நிக்கிறோம்!”

அண்ணி சிரித்தாள். மறுபடி சொன்னாள். மறுபடி அதே பதில். பிள்ளைகள் சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஊசியும் பக்கத்தில் நின்றாள். அண்ணி பழச்சாறு கொண்டுவந்தாள். ஊசி பையிலிருந்து சொந்த பாட்டிலை எடுத்து, அண்ணி பார்க்கப் பார்க்க, வாலுவுக்குத் தண்ணீர் புகட்டினாள். அண்ணி இன்னொரு தட்டோடு வந்தாள். இவள் இன்னொரு தடவை புகட்டினாள். தண்ணீரைக் குடித்தது அவன்தான், குளிர்ந்தது இவள் வயிறு.

“என்ன இது கூத்து?” என்றான் அண்ணன். “பிள்ளைங்களுக்கு யாரு இப்படிச் சொல்லிக் கொடுத்தது?”

ஒரு வருஷமாக இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தாள்.

“அண்ணிதாண்ணே சொல்லிக் கொடுத்தாங்க. போன தடவை வந்தப்ப நான் தச்ச சோபாவுல என் பிள்ளைங்க உக்காந்தா அழுக்காயிடும்னு பிளாஸ்டிக்கைப் போட்டு மூடினாங்க. அவங்க தங்கச்சி பிள்ளைங்க வந்ததும் எடுத்துட்டாங்க. அதுலேருந்து என் பிள்ளைங்களுக்கு நின்னே பழகிடுச்சு.”

அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணன் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். “நெசமா?” என்று மட்டும் கேட்டான். அண்ணியின் கண் தளும்பியது. நல்லா அழட்டும் என்று நினைத்தாள் ஊசி. இனிப்பை வாயில் போட்டுக் கரைய விட்ட மாதிரி இருந்தது.

அப்போதுதான் தரையில் சத்தம் கேட்டது. வாலுவின் கால் வழியாக வழிந்து, பளபளவென்ற தரையில் பரவிக்கொண்டிருந்தது. அவன் கீழே பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தான். உதடு பிதுங்கியது, ஆனாலும் தலை நிமிர்ந்திருந்தது.

“நான் கேக்கவே இல்லம்மா” என்றான்.

அண்ணி பாய்ந்து வந்து, ஈரத்தோடு அவனை அள்ளிக்கொண்டு போய் அந்த வெளிர் நிற சோபாவில் உட்கார வைத்தாள். ஊசிக்குச் சுரீர் என்றது. ஒரு வருஷம் சேர்த்து வைத்ததை அண்ணி ஒரே தூக்கில் பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறாளே! ஆனால் பையன் விறைத்துக்கொண்டு கீழே வழுக்கி இறங்கினான். “வேண்டாம் அத்தை, நிக்கிறோம், வேண்டாம் அத்தை” என்று மூச்சு விடாமல் கதறினான்.

“உக்காருடா கண்ணு” என்றாள் ஊசி. “அம்மா சொல்றேன்ல.”

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். மரத்தடியில் பார்த்த அதே பார்வை.

“ஏமாத்தாதம்மா.”

“இல்லடா, நெசமாத்தான் சொல்றேன்.”

அவன் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். விளையாட்டு முடிந்துவிட்டது என்று எத்தனை விதமாகச் சொன்னாலும் அவன் நம்பப்போவதில்லை. அப்படித்தானே பழக்கினாள். சாகும்வரை இந்த சோபாவில் உட்காருவதில்லை என்று அவள் போன வருஷமே சபதம் போட்டிருந்தாள். அண்ணியை மன்னிக்கவும் இல்லை, இனி மன்னிக்கப்போவதும் இல்லை.

ஊசி போய் சோபாவில் உட்கார்ந்தாள். அவள் கையால் வைத்த மெத்தை அமுங்கிக் கொடுத்தது. கையை நீட்டினாள். வாலு கொஞ்ச நேரம் நம்பாமல் பார்த்துவிட்டு ஓடிவந்து மடியில் விழுந்தான். ஈரம் புடவையைக் கடந்து துணியில் இறங்குவது தெரிந்தது. இந்தத் துணியில் பட்டால் கறை போகாது. தைத்தவளுக்குத் தெரியாதா!

சுவரோரம் இன்னும் கையைக் கட்டிக்கொண்டு நின்ற பெரியவள் கேட்டாள்: “அப்ப நாம தோத்துட்டோமாம்மா?”

அண்ணியும் அண்ணனும் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆமாடி, தோத்துட்டோம்” என்றாள் ஊசி. “வந்து உக்காரு.”