லீவு முடியும்வரை பின்சீட்டு

எங்கள் கோட்டக்குப்பத்தில் துபாய்க்காரர் லீவில் வந்திருக்கிறாரா என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. அதுவரை ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருந்த பெண் பின்சீட்டில் பையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தால் ஆள் வந்துவிட்டார் என்று அர்த்தம். வருஷம் முழுக்கப் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, கேஸ் சிலிண்டரைக் காலிடுக்கில் வைத்து ஓட்டியவள், லீவு முடியும்வரை பிரேக் எது என்றே தெரியாதவள்போல முகத்தை வைத்துக்கொள்வாள். கண்டமங்கலம் பக்கம் சிங்கப்பூர் போனவர்களின் விவசாயக் குடும்பங்களிலும் இதே கூத்துதான் என்று கேள்வி.

நான் திண்டிவனத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். கல்யாணத்துக்கு முன்பே ஸ்கூட்டர் ஓட்டுவேன். என் வீட்டுக்காரர் துபாயில் டெலிவரி வேன் ஓட்டினார். அவர் இல்லாத வீட்டில் மாமியாருக்கு ஆட்டோ, ஆம்புலன்ஸ் எல்லாம் நான்தான். "ஜல்தி போம்மா" என்று முதுகில் தட்டுவார். அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்டார்கள் என்று வண்டி கற்றுக்கொடுக்க ஆரம்பித்தேன். காலையில் மைதானத்தில் கிளாஸ், கட்டணம் உண்டு. என் கைக்கு வந்த முதல் சம்பாத்தியம் அது. அதில் எனக்கு இன்றும் கர்வம்தான்.

போன வருஷம் அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். வந்ததும் தீர்ப்பு சொன்னார்.

"நான்தான் வந்துட்டனே, இனிமே இன்னாத்துக்கு கிளாசு? துபாய்ல சம்பாரிச்சவன் பொண்டாட்டி தெருவுல வண்டி கத்துக் குடுக்குறான்னா நாலு பேர் இன்னா பேசுவாங்க?"

அந்த நாலு பேரின் மனைவிகளும் என்னிடம்தான் கற்றுக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் சாவி அவர் பாக்கெட்டுக்குப் போயிற்று, கிளாஸ் நின்றது.

அடுத்த வாரம் மாமியாரை ஏற்றிக்கொண்டு பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். துபாயில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். அந்தப் பழக்கத்தில் தெருமுனையில் திரும்பியவர் வலப்பக்கமாகவே ஏறி, எதிரே வந்த பால் வேனுக்கு முன்னால் போய் நின்றார். நல்லவேளை, அடி ஒன்றும் இல்லை. வேன்காரர் திட்டிய திட்டில் தெருவே வெளியே வந்தது. வந்து, "பாவம், பாரின் பழக்கம்" என்று அனுதாபப்பட்டது. அதையே நான் செய்திருந்தால், பொம்பளைக்கு எதற்கு வண்டி என்று அத்தனை வாயும் கேட்டிருக்கும்.

மாமியார் இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்தார், பின்னாலேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு மகனும்.

"நீ வாம்மா, நீயே என்னை இட்டுக்கினு போ. அவன் பின்னாடி ஒக்காந்தா பேஜாரு" என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்ப நாளைக்கே கிளாசும் ஆரம்பிச்சுடறேன் மாமி" என்றேன்.

"அது வேற, இது வேற. வூட்டு வேலைக்கு ஓட்டு, யாரு வேணாம்னா? காசு வாங்கிக்கினு கத்துக் குடுக்கறதுதான் கேவலம்."

அருவருப்பாக இருந்தது. சும்மா ஓட்டினால் குடும்பப் பெண், கூலி வாங்கினால் மானம் போய்விடும். இப்படி ஒரு மானத்தைக் கட்டிக் காக்கத்தானா இவர்கள் கடல் தாண்டிப் போய் உழைத்தார்கள்?

"கிளாஸ் இல்லன்னா நானும் ஓட்ட மாட்டேன் மாமி. உங்க புள்ளையோடவே போய்க்கங்க" என்றேன்.

மாமியார் மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தார். பிறகு அவரே போய் ஆட்டோ பிடித்து வந்து அம்மாவை ஏற்றிவிட்டார்.

மறுநாள் காலை கிளாஸ் நேரத்துக்கு என் வீட்டுக்காரர் முன்னால் போய்க் கையை நீட்டினேன். சாவியைக் கொடுத்தார்.

"பின் தெரு வழியா போ. யாரு கண்ணுலயும் படாத" என்றார்.

கடைத்தெரு வழியாகத்தான் போனேன், ஹாரன் அடித்துக்கொண்டே.