வாறம் என்று சொன்ன கப்டன்

றிஸ்வியாவை வாய்க்காரி என்று சொல்பவர்கள் உண்டு. சொல்லட்டும். அந்த வாய் இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு விண்கப்பல் பறக்காது.

கைக்குழந்தையாக, ஊர் முஸ்லிம்கள் எல்லாரோடும் சேர்த்து இங்கிருந்து துரத்தப்பட்டு, புத்தளத்து முகாமில் வளர்ந்தவள். அங்கே பக்கத்து வீட்டு ரிவியில் ‘நெடுவெளிக் கப்பல்’ என்ற விண்வெளித் தொடர் தமிழில் ஓடும். நல்ல கட்டத்தில் கரண்ட் போய்விடும். மற்றப் பிள்ளைகள் முனகுவார்கள். இவள் மிச்சக் கதையைத் தானே சொல்லி முடிப்பாள். பிறகு மறுஒளிபரப்பைப் பார்த்துவிட்டு, இவள் சொன்ன முடிவுதான் திறம் என்று சண்டை பிடிக்கவும் ஆள் இருந்தது.

ஊர் திரும்பி, தம்பி றிம்ஸானோடு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபோன் திருத்தும் கடை போட்டாள். அந்தத் தொடரை வைத்து மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் விளையாட்டு ஒன்று இருப்பது அப்போதுதான் தெரியவந்தது. ஒருவர் கதையை நடத்துவார்; மற்றவர்கள் கப்பலின் ஆட்களாகவே மாறிக் கதைப்பார்கள்; இக்கட்டு வந்தால் தாயக்கட்டை தீர்ப்புச் சொல்லும். இது தனக்கென்றே செய்த விளையாட்டு என்று றிஸ்வியா முடிவுகட்டினாள். ஆள் பிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கடைசியில் கொழும்புத்துறைத் தாதி சிசிலியா கப்பலின் வைத்தியரானாள். கதையை நடத்துவது றிஸ்வியா. றிம்ஸான் இயந்திரக்காரன். ஃபோன் திருத்த வந்து மாட்டிக்கொண்ட கோப்பாய்க் கதிரவேலு கப்டன். பஸ் ஓட்டி ஓய்ந்தவர். கப்பலையும் அப்படித்தான் ஓட்டுவார். முன்னால் நிற்பவன் விலகத்தான் வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையின் பின்னறையில் ஆட்டம் உச்சத்தில் இருந்தது. துலாக்கியர் என்னும் அயற்கிரகத்தார் எல்லையில் மறித்து நிற்கிறார்கள். தொடரிலேயே அவர்கள் சொல்லுக்குச் சொல் பொருள் எடுப்பவர்கள், சாடைமாடை தெரியாதவர்கள். கதிரவேலு கதைத்துக் கதைத்து அவர்களை மசிய வைத்துவிட்டார். திரும்பிப் போனால் சுடமாட்டார்களாம். சந்தோஷத்தில் கையெடுத்துக் கும்பிட்டார்.

“நல்லது, அப்ப நாங்கள் வாறம்.”

‘போறன்’ என்று சொல்லிவிட்டு எந்த வீட்டு வாசலையும் கடக்காத மனுஷன். வாயில் வேறென்ன வரும்?

றிஸ்வியாவுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. துலாக்கியர் காதில் இது எப்படி விழும்? கிட்ட வருகிறோம் என்றுதான். விட்டுக்கொடுத்தால் இனி இந்த மேசையில் எந்த எதிரிக்கும் ஒருவரும் பயப்பட மாட்டார்கள். விடாவிட்டால் கதிரவேலு கோபித்துக்கொண்டு போவார். கப்டன் போனால் மேசையும் போகும். என்றாலும் கதையை நடத்துகிறவள் அவள்தானே.

“அவை சுடத் தொடங்கிட்டினம், அண்ணை. நீங்கள் வாறம் எண்டல்லோ சொன்னனீங்கள்?”

“என்ன தங்கச்சி விசர்க்கதை! போறதுக்குத்தானே அப்பிடிச் சொல்லுறது?”

“அது எங்களுக்குத் தெரியும். அவைக்குத் தெரியாதே.”

தாயக்கட்டை உருண்டது. கப்பலின் ஒரு பக்கம் எரிந்தது. விட்டுவிடச் சொல்லி சிசிலியா கண்ணைக் காட்டினாள். றிஸ்வியா காணாதவள் போல இருந்தாள். கதிரவேலு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

“இனி இந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்கமாட்டன்!” என்று வாசல்வரை போனவர், பழக்கதோஷத்தில் திரும்பி, “வாறன்” என்றார்.

“ஓம் அண்ணை, வாங்கோ,” என்றாள் றிஸ்வியா.

அந்தக் கிழமை முழுக்க அவள் திருத்திய ஃபோன்களில் ஒன்றும் முதல் தடவையில் சரிவரவில்லை. தீர்ப்புச் சரி என்பதில் அவளுக்கு ஐயமே இல்லை. ஆனால் சரியாக நடந்தால் மட்டும் மேசைக்கு ஆள் வந்துவிடுமா? கவலையாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடை திறக்க முன்னமே வாசலில் கதிரவேலுவின் மோட்டார் சைக்கிள் நின்றது. ஹெல்மெட்டை மேசையில் தொம்மென்று வைத்துவிட்டுத் தன் கதிரையில் இருந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று றிம்ஸான் பயந்தான். சிசிலியாவும் வந்து சேர்ந்த பிறகு, அவர் தாயக்கட்டையைக் கையில் எடுத்தார்.

“கப்பலைத் திருப்புங்கோ, அவையின்ரை பக்கம்.”

“ஐயோ அண்ணை, சுடுவினம்!” என்றாள் சிசிலியா.

“சுடட்டும். வாறம் எண்டு சொல்லிப்போட்டம் எல்லே? இனிப் போகத்தான் வேணும்.”