அப்பா குலுக்கிவிட்ட பாட்டில்

எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த ஒரு தீபாவளி. எனக்கு அது தலை தீபாவளி. மதுரையை ஒட்டிய சமயநல்லூரில் என் பிறந்த வீடு. என்னைக் கட்டிக் கொடுத்தது பாண்டிச்சேரியில். "கடலைப் பார்த்த ஊருக்குப் பொண்ணைக் கொடுத்துட்டு இங்க உக்காந்து என்னத்தப் பார்க்கப்போற?" என்று சொந்தக்காரர்கள் அப்பாவைக் கேட்காத நாளில்லை.

தலை தீபாவளிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வருவார்கள். சம்பந்தியும் கூடவே வருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. ஆனால் என் மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்பே தவறிப்போயிருந்தார். நாங்கள் கிளம்பி வந்துவிட்டால் மாமனார் நல்ல நாளும் அதுவுமாக வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பார். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. பஸ் ஏறிப் பாண்டிச்சேரிக்கே வந்து, "நீங்களும் வந்தாத்தான் சம்பந்தி எங்களுக்குத் தீபாவளி" என்று அழைத்துவிட்டுப் போனார்.

என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். முன்பே அதிகம் பேசமாட்டாராம். மாமியார் போன பிறகு சுத்தமாக வாயை மூடிக்கொண்டார். எதைக் கேட்டாலும் ஒரு தலையாட்டல்தான். அவர் மனசில் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் புது மருமகள் நான் திண்டாடிக்கொண்டிருந்தேன்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்து இறங்கினோம். மாமனார் வழி நெடுக ஒரு பாட்டிலைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அது பிரான்சில் வாங்கிய சிவப்பு ஒயின். என் வீட்டுக்காரர் பிறந்த வருஷத்துத் திராட்சையில் செய்தது. மகனுக்குக் கல்யாணமாகி, சம்பந்தி வீட்டில் விருந்து சாப்பிடும்போது திறக்கலாம் என்று மாமனாரும் மாமியாரும் பேசி வைத்திருந்தார்களாம். ஒரு பெட்டி வாங்கியதில் மிச்சம் அந்த ஒன்றுதான்.

அம்மா என்னை அடுப்படிக்குள் இழுத்து, "என்னடி இது, நாளும் கிழமையுமா வீட்டுக்குள்ள சாராயம்?" என்று கிசுகிசுத்தாள். அப்பாதான் சமாதானம் சொன்னார். "சாராயம் இல்லடி. திராட்சை ரசம். திராட்சாரிஷ்டம் மாதிரி வச்சுக்கயேன்." அப்படிச் சொல்லி அம்மாவைச் சமாளித்தாரா, தன்னையே ஏமாற்றிக்கொண்டாரா தெரியவில்லை. ஏனென்றால் அப்பா மதுரையில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். நாளெல்லாம் கலர் கலராக மிக்ஸ்சர் கலந்து பாட்டிலில் ஊற்றி, "நல்லாக் குலுக்கிட்டு ஒரு மூடி குடிக்கணும்" என்று சொல்லிச் சொல்லி, தூக்கத்தில் எழுப்பினாலும் அதையே சொல்வார்.

பின்கட்டில் தண்ணீர்ப் பானை இருந்த குளிர்ந்த மூலையில் மாமனார் பாட்டிலை நிற்க வைத்தார். "யாரும் தொடவேணாம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. கேட்க எங்களுக்கும் தைரியமில்லை. இன்னொன்றும் கேட்டுக்கொண்டார்: ஒயினோடு சாப்பிடும் கறியில் காரம் குறைவாக இருக்கவேண்டுமாம். "காரமில்லாம கறியா? காய்ச்சக்காரனுக்கு வைக்கிற மாதிரியா?" என்று அம்மா முணுமுணுத்தாலும், அவருக்கென்று தனியாக மிளகாயைக் குறைத்து ஆட்டுக்கறியை வறுத்து எடுத்தாள்.

தீபாவளி அன்று சாயங்காலம் விளக்கு வைத்ததும் இலை போட்டாயிற்று. மாமனார் கொல்லைப்புறம் கை கழுவப் போயிருந்தார். அவருக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று அப்பாவே பாட்டிலை எடுத்து வந்தார். விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், அடியில் கருஞ்சிவப்பாக மண்டி தங்கியிருக்கிறது. கம்பவுண்டர் கண்ணுக்கு அது பட்டால் போதாதா? பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துத் தலைகீழாகக் கவிழ்த்து, நிமிர்த்து, கடகடவென்று குலுக்கினார் பாருங்கள்!

"ஐயையோ மாமா, என்ன பண்றீங்க!" என்று என் வீட்டுக்காரர் கத்தியேவிட்டார்.

"மண்டி தங்கியிருக்குல்ல மாப்ள? கலக்கிவிட்டாத்தானே சத்து எல்லாருக்கும் சமமாப் போய்ச் சேரும்?"

அந்த மண்டிதான் ஆகவே ஆகாதாம். வருஷக்கணக்கில் இருந்த ஒயினில் கசடு அடியில் இறங்கிவிடும். அதை அசைக்காமல் மேலே இருக்கிற தெளிவை மட்டும்தான் ஊற்றவேண்டும், கலந்துவிட்டால் வாயில் வைக்க முடியாமல் கசக்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல, அப்பாவின் முகம் செத்துப்போனது. நிமிர்ந்தால் கொல்லை வாசலில் துண்டோடு மாமனார் நிற்கிறார்.

அவர் பாட்டிலை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தார். உள்ளே சேறாகக் கலங்கிக் கிடந்தது. மனைவியோடு சேர்ந்து திறக்க என்று அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்தது. இதை அப்பா கெடுத்துவிட்டாரென்றால் இனி நான் அந்த வீட்டில் எந்த முகத்தோடு வாழ்வது?

"தப்பு நடந்துபோச்சு சம்பந்தி. கை அதுபாட்டுக்குக் குலுக்கிருச்சு" என்றார் அப்பா.

மாமனார் தக்கையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "மூடி திறக்கலையே. மறுபடியும் அடங்கணும். ஒரு நாளாவது ஆகும்" என்றார்.

மறுநாள் காலை எங்களுக்குப் பஸ். என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "அப்ப நாளைக்கும் இருங்கண்ணே. இம்புட்டு வருசம் இருந்தது இன்னொரு நாள் இருக்காதா? அடங்கட்டும், சாப்பிட்டுப் போகலாம்."

மாமனார் அம்மாவைப் பார்த்தார். "சரிம்மா" என்றார்.

மறுநாள் அப்பா வேலைக்கே போகவில்லை. பாட்டிலுக்குப் பக்கத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தப் பக்கம் யாராவது அழுத்தி நடந்தாலே முறைப்பு. சந்தில் மிச்சப் பட்டாசைக் கொளுத்திய பிள்ளைகளை, "அங்கிட்டுப் போய் வெடிங்கடா, உள்ள அடங்கிக்கிட்டு இருக்கு!" என்று விரட்டினார். அடுத்த வீட்டுக்காரம்மா பதறிப்போய், "யாருக்குண்ணே முடியல?" என்று விசாரிக்க வந்துவிட்டார்.

சிரித்துவிட்டார் மாமனார். அவர் சிரித்து அன்றுதான் நான் பார்த்தேன். தானும் ஒரு மணையை இழுத்துப் போட்டு அப்பாவோடு உட்கார்ந்தார். பிறகுதான் மெல்லப் பேச ஆரம்பித்தார். பிரான்சில் குளிர் தாங்காமல் மாமியார் அழுதது, கப்பலில் இந்த ஒயின் பெட்டியைத் தன் டிரங்குப் பெட்டியை விட பத்திரமாகப் பார்த்துக்கொண்டது எல்லாம் வந்தது. கடைசியில், "பாண்டிச்சேரி வெக்கையில இத்தனை வருஷம் இருந்திருக்கு சம்பந்தி. திறந்தா புளிச்சுக் காடியாவும் இருக்கலாம். அவளும் இல்லை, இதுவும் போச்சுன்னு ஆயிடுமோன்னு பயந்தே திறக்கலை" என்றார். என் வீட்டுக்காரர் கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

அன்று சாயங்காலம் மறுபடியும் இலை. மாமனார் தக்கையை மெதுவாகத் திருகி எடுத்தார். பாதி உதிர்ந்துதான் வந்தது. பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தி வைத்து, கசடு கழுத்துக்கு ஏறுவது தெரிந்ததும் ஊற்றுவதை நிறுத்தவேண்டுமாம். அதை விளக்கிச் சொல்லிவிட்டுப் பாட்டிலை அப்பாவிடம் நீட்டினார்.

"என்னை நம்பியா சம்பந்தி?" என்று அப்பா பின்வாங்கினார்.

"உங்க வீட்டு விருந்து. நீங்கதான் ஊத்தணும்."

அப்பா மூச்சுவிடாமல் ஊற்றினார். தெளிவு மட்டும் கூஜாவில் இறங்கியது. மாமனார் கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் விட்டு, தன் வெள்ளை வேட்டிக்கு மேலே சாய்த்து நிறம் பார்த்தார். ஓரத்தில் செங்கல் நிறம் ஓடியிருந்தது. முகர்ந்தார். ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள்ளேயே வைத்திருந்தார். நாங்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வயசாயிடுச்சு. ஆனா உயிரோட இருக்கு" என்றார்.

அப்பா மேல்துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். எனக்கும் ஒரு வாய் கிடைத்தது. உள்ளதைச் சொல்வதென்றால், நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கு இழுத்தது. அம்மா குடிக்கமாட்டேன் என்றுவிட்டு முகர்ந்து மட்டும் பார்த்தாள். "வெத்தலைப் பெட்டியத் திறந்த மாதிரி இருக்குண்ணே" என்றாள். மாமனார் ஆச்சரியமாக, "சரியாச் சொன்னீங்கம்மா" என்றார். கறியோடு சேர்த்து நிதானமாக, ரசித்துச் சாப்பிட்டார். "கறிக்கு இது பொருந்துது" என்று அவர் சொன்னதும் அம்மா விடவில்லை. "இன்னும் நாலு மிளகாய் போட்டிருந்தா நல்லாப் பொருந்தியிருக்கும்."

கடைசி வாய் குடித்துத் தம்ளரைக் கீழே வைத்தவர், அதையே பார்த்துக்கொண்டு சொன்னார். "அவளும் குடிக்கமாட்டா. நான் குடிச்ச கிளாஸைக் கழுவாம வச்சிருந்து காலையில மோந்து பார்ப்பா. அப்பத்தான் அசல் வாசனை வரும்னு சொல்லுவா."

என் அம்மா எச்சில் விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. சாப்பிட்ட கை காய்வதற்குள் பாத்திரம் துலக்கியாக வேண்டும். எச்சில் தம்ளர் வீட்டில் இரவு தங்குவதாவது! மறுநாள் விடியற்காலையில் மாமனார் பெட்டியோடு கிளம்பி நின்றபோது, அம்மா அடுப்படியிலிருந்து அந்தத் தம்ளரை எடுத்து வந்தாள். கழுவவில்லை. வாயை ஒரு வெள்ளைத் துணியால் மூடி வைத்திருந்தாள்.

"பார்த்துட்டுப் போங்கண்ணே" என்று நீட்டினாள்.

மாமனார் துணியை விலக்கி முகர்ந்தார். தலையை ஆட்டினார். பிறகு அங்கேயே சுவரோரமாக உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். மாமியார் போன அன்றுகூட அவர் அழவில்லை என்று என் வீட்டுக்காரர் பிற்பாடு சொன்னார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பஸ்ஸும் போய்விட்டது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அப்பா, அம்மா, மாமனார் மூவரும் இன்று இல்லை. துக்கத்தில் இருப்பவர்களுக்கு என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல் நிற்கும்போதெல்லாம், ஒரு எச்சில் தம்ளரைக் கழுவாமல் மூடி வைத்த என் அம்மாவை நினைத்துக்கொள்கிறேன்; சொல்வதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் செய்வதற்கு ஏதாவது இருக்கும் என்று அப்போது தெரிகிறது.